வண்டி இரைகிறது, வேகம் வரவில்லையே!

(முன்னாள் மாணவர் சந்திப்பின் மதிய அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வடை பாயசத்தோடு சாப்பாடு முடிந்த கையோடு என்னைப் பேச விட்டிருக்கிறார்கள். இந்த நேரத்தில் உங்கள் கண் இமை எல்லாம் நழுவும். நான் பேசப் போவதும் நழுவலைப் பற்றித்தான். ஆகவே பொருத்தமான நேரம்தான்!

காலையில் பேசிய நண்பர்கள் வங்கி, வருமான வரி, இருதய நோய் என்று பெரிய விஷயங்களைச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்தது இரண்டு சக்கரம். பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்துவிட்டு, 1986ல் சேந்தமங்கலத்தில் ஒர்க்ஷாப் போட்டவன் நான். “ஏன்டா, பிசிக்ஸ் படிச்சுட்டு ஸ்பானர் பிடிக்கிறே?” என்று அன்றைக்குக் கேட்டவர்கள் இந்த ஹாலிலேயே நாலைந்து பேர் இருக்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் என் பேச்சிலேயே கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

சேந்தமங்கலம் கொல்லிமலைக்குப் பக்கத்து ஊர். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மலைக்குப் போகும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே மிளகு, காப்பி, பலா, அன்னாசி. அதைச் சந்தைக்குக் கொண்டு வருகிறவர்களில் பலருக்கு நூறு சி.சி. வண்டிதான் லாரி. பின்னால் மூட்டை, அதன் மேல் ஒரு மூட்டை, சில நாள் அதன் மேல் மச்சினன். சமவெளியில் ஒரு கிளட்ச் காட்டிக்கொடுக்காத குறையை அந்த மலை முதல் பத்து வளைவிலேயே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் எங்கள் பக்கத்து மெக்கானிக்குகளுக்குக் கிளட்ச் பார்க்காமல் பிழைப்பு ஓடாது.

நழுவல் என்றால் என்ன?

ஆக்ஸிலேட்டரைத் திருகுகிறீர்கள். எஞ்சின் ‘ஊ...ம்’ என்று இரைகிறது. வண்டி மட்டும் ‘எனக்கென்ன’ என்று பழைய வேகத்திலேயே போகிறது. மேட்டில், பின்னால் ஆள் இருக்கும்போது, டாப் கியரில் இது முதலில் தெரியும். பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். ரொம்ப முற்றினால் தீய்ந்த வாடை வரும். சில வண்டிகளில் கிக்கரின் உதை கிளட்ச் வழியாகத்தான் எஞ்சினுக்குப் போகிறது. அவற்றில் கிக் அடித்தாலும் கால் வழுக்கிக்கொண்டு இறங்கும்.

வண்டி இழுக்கவில்லை என்பதற்காக எல்லாவற்றையும் கிளட்ச் தலையில் போடக்கூடாது. எஞ்சினும் இரையாமல், வண்டியும் போகாமல் மந்தமாக இருந்தால், பிரேக் பிடித்துக்கொண்டிருக்கலாம், எஞ்சினில் கம்ப்ரஷன் குறைந்திருக்கலாம். ‘கடக் கடக்’ என்று தாவித் தாவிப் போனால் செயினும் ஸ்பிராக்கெட்டும் தேய்ந்திருக்கலாம். எஞ்சின் வழவழவென்று இரைச்சல் ஏறி, வேகம் மட்டும் ஏறாமல் இருந்தால்தான் கிளட்ச்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். காலியான, நேரான ரோட்டில் டாப் கியரில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போய், ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று முழுதாகத் திருகுங்கள். வேகமும் இரைச்சலும் சேர்ந்து ஏறினால் கிளட்ச் நல்லது. இரைச்சல் முன்னால் ஓடி, வேகம் பின்னால் நொண்டினால் நழுவுகிறது. ஒன்றிரண்டு தடவை போதும். அதையே திரும்பத் திரும்பச் செய்தால், நல்ல பிளேட்டையும் நீங்களே எரித்துவிடுவீர்கள்.

நம் வகுப்பறையில் படித்த கிளட்ச்

இப்போது பேராசிரியர் ஐயா சந்தோஷப்படும் பகுதிக்கு வருகிறேன். கிளட்ச் என்பது என்ன? எஞ்சின் சுழற்றுகிற ஒரு கூடை. அதை ‘கிளட்ச் அவுட்டர்’ என்போம். அதற்குள்ளே, கியர் பாக்ஸோடு சேர்ந்த ஒரு ஹப். இரண்டுக்கும் நடுவில் தட்டுகளை ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். உராய்வுப் பொருள் ஒட்டிய பிளேட்டின் காதுகள் வெளிக்கூடையில் மாட்டியிருக்கும். வெறும் ஸ்டீல் பிளேட்டின் பற்கள் உள் ஹப்பில் மாட்டியிருக்கும். நாலைந்து ஸ்பிரிங்குகள் இந்த அடுக்கை இறுக்கிப் பிடிக்கும். அடுக்கு இறுகியிருந்தால் எஞ்சினும் சக்கரமும் ஒன்று. லிவரை அமுக்கினால் ஸ்பிரிங்கின் அழுத்தம் விலகும். இரண்டும் வேறு வேறு. இவ்வளவும் எஞ்சின் ஆயிலில் நனைந்துகொண்டே நடக்கிறது.

இரண்டு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, இதன் ஒரு தாள், அதன் ஒரு தாள் என்று மாற்றி மாற்றிக் கோத்துவிட்டு இழுத்துப் பாருங்கள். வராது. பசையும் இல்லை, ஆணியும் இல்லை, அத்தனையும் உராய்வு. கிளட்ச்சும் அதே வித்தைதான்.

உராய்வு விசை, தொடுகிற பரப்பளவைப் பொறுத்தது அல்ல, அழுத்தும் விசையைப் பொறுத்தது என்று முதலாம் ஆண்டில் படித்தோம். பலர் பரீட்சைக்காகப் படித்தார்கள். எனக்கு அது சோறு போட்டது. கிளட்ச்சின் பிடிப்பு நாலு விஷயங்களின் பெருக்கல்: பிளேட்டின் உராய்வுத் தன்மை, ஸ்பிரிங்கின் அழுத்தம், பிளேட்டின் ஆரம், தொடுகிற பரப்புகளின் எண்ணிக்கை. கடைசி இரண்டும் கம்பெனியில் முடிவு செய்தவை. ரோட்டில் ஓடும்போது அவை மாறாது. ஆகவே கிளட்ச் நழுவினால் குற்றவாளிகள் இரண்டே பேர். ஒன்று, அழுத்தம் குறைந்திருக்கும். இல்லை, உராய்வு குறைந்திருக்கும். இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டால், யாரும் உங்களைக் குழப்ப முடியாது.

நூறு சி.சி. எஞ்சினின் அதிகபட்ச முறுக்கு விசை ஏறக்குறைய 8 நியூட்டன் மீட்டர். பிரைமரி கியரில் அது மூன்று மடங்குக்கு மேல் பெருகித்தான் கிளட்ச்சுக்கு வருகிறது. உள்ளங்கை அகலப் பொருள், ஆயிலில் குளித்துக்கொண்டே, இத்தனையையும் நழுவாமல் பிடிக்க வேண்டும். அதனால்தான் ஒரு பிளேட்டுக்குப் பதிலாக ஒரு அடுக்கு.

முதலில் வெளியே பாருங்கள்

அழுத்தம் குறைய முதல் காரணம் ஸ்பிரிங் அல்ல, கேபிள். ஆச்சரியமாக இருக்கிறதா? லிவரில் கொஞ்சம் தொளதொளப்பு இருக்கவேண்டும். ‘ஃப்ரீ பிளே’ என்போம். பெரும்பாலான சிறிய வண்டிகளில் லிவரின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர். அது இல்லாமல் கேபிள் விறைத்திருந்தால், நீங்கள் லிவரைத் தொடாவிட்டாலும் கேபிளே கொஞ்சம் அமுக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஸ்பிரிங்கின் பலத்தில் ஒரு பங்கு வீணாகப் போகிறது.

இன்னொரு விஷயம். பிளேட் தேயத் தேய அடுக்கின் தடிமன் குறையும், அதனால் ஃப்ரீ பிளேயும் தானாகவே குறைந்துகொண்டு வரும். சரியாக வைத்த வண்டியும் சில மாதத்தில் மாறிவிடுவது இதனால்தான். ஹேண்டில் பாரை இடமும் வலமும் திருப்பிப் பாருங்கள். திருப்பும்போது ஃப்ரீ பிளே மாறினால் கேபிள் எங்கோ மடங்கி இழுபடுகிறது. எஞ்சின் பக்கத்து ஆர்ம், கையை விட்டதும் முழுதாகத் திரும்பி வருகிறதா பாருங்கள். கேபிளுக்குள் துருவும் மண்ணும் இருந்தால் பாதியில் நிற்கும். எண்ணெய் விட்டும் சரியாகவில்லை என்றால் கேபிளை மாற்றுங்கள்.

எங்கள் பக்கத்துப் பலாப்பழ வியாபாரி ஒருவர் வந்தார். “அண்ணா, வண்டி மலை ஏற மாட்டேங்குதுங்க. வேற ஒரு எடத்துல காட்டுனேன். எஞ்சினையே எறக்கி, கிளட்ச் செட்டு, கூடை எல்லாம் மாத்தோணும்னு சொல்றாங்க” என்றார். மூன்று நாள் வண்டி நின்றால் பழம் அழுகும். அவர் கையில் இருந்தது சந்தைக்குக் கடன் வாங்கிய பணம். நான் கவரைத் தொடவே இல்லை. கேபிள் வீணைத் தந்தி மாதிரி விறைத்து நின்றது. அட்ஜஸ்ட் நட்டைத் தளர்த்தி ஃப்ரீ பிளே வைத்தேன். ஆயிலை இறக்கிப் பார்த்தால், யாரோ கார் ஆயிலை ஊற்றியிருந்தார்கள். சரியான ஆயிலை ஊற்றி ஓட்டச் சொன்னேன். இரண்டு நாளில் மூட்டையோடு ஏறிப் போய்விட்டார். இன்றைக்கும் சீசனில் ஒரு பழம் வீட்டுக்கு வந்துவிடும்.

ஆயில் விஷயம்

இப்போது இரண்டாவது குற்றவாளியான உராய்வுக்கு வருவோம். காரில் கிளட்ச் ஆயிலுக்கு வெளியே, காய்ந்த இடத்தில் இருக்கிறது. அதனால் கார் ஆயிலில் எஞ்சின் உராய்வைக் குறைக்கிற மருந்துகளைத் தாராளமாகக் கலக்கலாம். அதையே பைக்கில் ஊற்றினால், எஞ்சினுக்கு நல்லது செய்கிற அதே மருந்து கிளட்ச் பிளேட்டையும் வழுக்க வைக்கிறது. இந்தத் தொல்லைக்காகவே 1990களின் கடைசியில் ஜப்பானியர்கள் பைக் ஆயிலுக்குத் தனித் தர நிர்ணயம் கொண்டுவந்தார்கள். டப்பாவின் பின்பக்கம் ‘ஜாசோ எம்.ஏ.’ என்று இருந்தால் அது நனைந்த கிளட்ச்சுக்கு ஏற்றது. ‘எம்.பி.’ என்று இருந்தால் உராய்வு குறைந்தது. கியர் வண்டிக்கு வேண்டாம். கிளட்ச் ஆயிலில் நனையாத ஆட்டோமேடிக் ஸ்கூட்டருக்கு அது பொருந்தும். விலை உயர்ந்த ஆயில் எல்லாம் நல்ல ஆயில் என்று நினைத்து, கார் ஆயிலைப் பைக்குக்கு ஊற்றுகிற அன்பு மகன்கள் இங்கே சிலர் இருக்கலாம். ஆயிலோடு கலக்கும் ‘ஸ்பெஷல்’ குப்பிகளும் அதே ரகம்.

தப்பான ஆயில் ஊற்றியாகிவிட்டது என்றால் பயப்பட வேண்டாம். இறக்கிவிட்டு, சரியான ஆயில் ஊற்றிக் கொஞ்ச நாள் ஓட்டி, அதையும் இறக்கிவிட்டு இன்னொரு தடவை புதிது ஊற்றினால், பிளேட் எரியாமல் இருந்தால் பெரும்பாலும் பிடிப்பு திரும்பிவிடும்.

கவரைத் திறந்தால்

ஃப்ரீ பிளே சரி, கேபிள் சரி, ஆயில் சரி, இன்னும் நழுவுகிறது என்றால் திறக்கத்தான் வேண்டும். பெரும்பாலான சிறிய வண்டிகளில் இதற்கு எஞ்சினை இறக்க வேண்டியதே இல்லை. பக்கத்துக் கவரை மட்டும் கழற்றினால் போதும். ஆயிலை இறக்கி, கிக்கரையும் கேபிளையும் கழற்றுங்கள். கவர் போல்ட்டுகள் ஒரே நீளம் இருக்காது. ஒரு அட்டையில் கவரின் படத்தைப் போட்டு, எந்த ஓட்டையின் போல்ட்டோ அதே இடத்தில் குத்தி வையுங்கள். என் ஒர்க்ஷாப்பில் சேருகிற பையனுக்கு முதல் பாடம் இதுதான். நீள போல்ட்டைக் குட்டை ஓட்டையில் முறுக்கி, அலுமினியத்தை உடைத்துவிட்டால், ஒரு ரூபாய் போல்ட்டுக்குக் கிராங்க் கேஸ் செலவு. கவர் வரவில்லை என்றால் மரச்சுத்தியால் தட்டுங்கள். இடுக்கில் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினால் அப்புறம் ஆயுசுக்கும் ஆயில் ஒழுகும்.

ஸ்பிரிங் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். பிளேட்டுகளை எடுத்த வரிசையிலேயே வையுங்கள். பிறகு அளவு. உராய்வு பிளேட்டின் தடிமனை வெர்னியரில் பார்க்க வேண்டும். ஆமாம், நம் லேபில் எல்லோரும் தப்பாக ரீடிங் எடுத்தோமே, அதே வெர்னியர்! எவ்வளவு தேயலாம் என்பது வண்டிக்கு வண்டி மாறும். சர்வீஸ் மேனுவலில் இருக்கும். ஸ்டீல் பிளேட்டைக் கண்ணாடிப் பலகை மேல் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா பாருங்கள். 0.2 மில்லிமீட்டருக்கு மேல் வளைந்திருந்தால் பொதுவாக அதை ஒதுக்கிவிட வேண்டும். நீலம் பாரித்திருந்தால் அது வெந்து போனது. ஸ்பிரிங்குகளின் நீளத்தை அளந்து பாருங்கள். சூட்டில் சோர்ந்தது குட்டையாக இருக்கும். மாற்றினால் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள். கூடையின் விரல்களில் பிளேட்டின் காது இடித்து இடித்துப் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பள்ளத்தில் பிளேட் சிக்கிக்கொண்டால் புதுப் பிளேட் போட்டும் புண்ணியம் இல்லை.

புதுப் பிளேட்டை வாங்கிய உடனே காயக் காய மாட்டக்கூடாது. முதல் நாள் இரவே எஞ்சின் ஆயிலில் ஊறப் போடுங்கள், இட்லிக்கு அரிசி ஊறப் போடுகிற மாதிரி. காய்ந்த பிளேட் முதல் கிளம்பலிலேயே சூடாகிப் பொசுங்கும். மாட்டும்போது ஸ்பிரிங் போல்ட்டுகளை எதிரெதிராக, சமமாக முறுக்குங்கள். அவை சின்ன போல்ட்டுகள். பலத்தைக் காட்டினால் ஹப்பின் தூண் உடையும். புதுப் பேக்கிங், அளவான ஆயில், மறுபடி ஃப்ரீ பிளே. முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடினதும் பிளேட் படிந்து ஃப்ரீ பிளே மாறும். அதை ஒருமுறை சரிபார்த்தால்தான் வேலை முடிந்தது.

குறுக்கு வழிகளும் உண்டு. ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் வைப்பார்கள். அழுத்தம் கூடும், நழுவல் நிற்கும். ஆனால் லிவர் கல்லாகிவிடும், கேபிள் அறும். தடிமனான வாஷர் என்றால் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு கிளட்ச் முழுதாக விடவே விடாது. எமெரித் தாளில் பிளேட்டைத் தேய்த்துப் போடுவார்கள். தேய்ந்ததை இன்னும் தேய்ப்பது எப்படி மருந்தாகும்?

ஏன் இதைச் சொல்கிறேன்?

ஏறும்போது நழுவுவதை எல்லோரும் கவனிப்பார்கள். இறங்கும்போது நழுவுவதை யாரும் கவனிப்பதில்லை. மலையிலிருந்து இறங்கும்போது சின்ன கியரில் போட்டு ஆக்ஸிலேட்டரை விட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். அந்தப் பிடி எஞ்சினிலிருந்து சக்கரத்துக்குக் கிளட்ச் வழியாகத்தான் வருகிறது. கிளட்ச் போய்விட்டால் அந்தப் பிடி தளரும். எழுபது வளைவையும் டிரம் பிரேக் ஒன்றை நம்பியே இறங்கவேண்டும். மூட்டைப் பாரத்தில் டிரம் சூடேறினால் பிரேக்கின் பிடியும் குறையும். அப்புறம் கடவுள் விட்ட வழி.

ஒரு தம்பி இருந்தார். பால் ஏற்றுகிறவர். வண்டி நழுவும்போதெல்லாம் யாராவது கேபிளைத் தளர்த்தி, “போயிட்டு வா” என்று அனுப்பியிருக்கிறார்கள். செலவில்லாத வைத்தியம் என்று அவருக்கும் சந்தோஷம். என்னிடம் வந்தபோது அட்ஜஸ்ட் செய்ய மரை மிச்சம் இல்லை. “இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் அட்ஜஸ் பண்ணிக் குடுங்கண்ணா, நாளைக்கு வந்து பாத்துக்கலாம்” என்றார். “தம்பி, பாலுக்கு வேற வண்டி ஏற்பாடு பண்றேன். இது இன்னைக்கு மேலே போகாது” என்று சாவியை வாங்கி வைத்துக்கொண்டேன். கோபித்துக்கொண்டார். திறந்தால், பிளேட்டில் உராய்வுப் பொருள் நகத்தால் சுரண்டுகிற அளவுக்குக்கூட இல்லை. ஸ்டீல் பிளேட் எல்லாம் நீலம். அவரையே கூப்பிட்டுக் கையில் கொடுத்தேன். பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. “நேத்து எம்பொண்ண வெச்சுக்கிட்டு எறங்குனனுங்க” என்றார்.

பலாப்பழக்காரருக்குப் பெரிய வேலை சொல்லியிருந்தார்கள், தேவைப்பட்டது சின்ன வேலை. பால்காரத் தம்பிக்குச் சின்ன வேலையே செய்துகொண்டிருந்தார்கள், தேவைப்பட்டது பெரிய வேலை. இரண்டும் ஒரே தப்புதான். வண்டியைக் கேட்காமல் வைத்தியம் பார்த்தது. வெளியிலிருந்து உள்ளே, செலவில்லாததிலிருந்து செலவுக்கு, அளந்து பார்த்துவிட்டு முடிவுக்கு என்று வரிசையாகப் போனால் இரண்டு தப்பும் நடக்காது. நம் லேபில் நமக்குச் சொல்லிக் கொடுத்த ஒழுங்கும் இதுதானே ஐயா? பிசிக்ஸ் படித்துவிட்டு ஏன் ஸ்பானர் பிடித்தாய் என்று கேட்ட நண்பர்களுக்கு இதுவே என் பதில். பிசிக்ஸை நான் விடவில்லை, அதற்குக் கைப்பிடி மட்டும் மாற்றிக்கொண்டேன்.

கடைசியாக, பைக் வைத்திருக்கிறவர்களுக்கு நாலு வார்த்தை. கிளட்ச் முழுதாகப் பிடிக்க வேண்டும், அல்லது முழுதாக விட வேண்டும். நடுவில் நிற்கிற ஒவ்வொரு நொடியும் தேய்மானம். ஓட்டும்போது இரண்டு விரலை லிவர் மேலேயே படுக்க வைக்காதீர்கள். மேட்டில் சிக்னலுக்கு நிற்கும்போது வண்டியைப் பாதிக் கிளட்ச்சில் தொங்கவிடாதீர்கள், அதற்குப் பிரேக் இருக்கிறது. இரண்டாவது, மூன்றாவது கியரில் கிளப்பாதீர்கள். மாதம் ஒரு தடவை லிவரின் நுனியை விரலால் ஆட்டிப் பாருங்கள்.

2020ல் பி.எஸ். 6 வந்து கார்புரேட்டரைப் பெரும்பாலும் அனுப்பிவைத்தது. பேட்டரி வண்டிகள் பெரும்பாலானவற்றில் கிளட்ச்சே கிடையாது. என் ஒர்க்ஷாப் பையன்கள் லேப்டாப்பை வைத்துக்கொண்டு பழுது பார்க்கக் கற்றுக்கொள்கிறார்கள். ஆனாலும் இன்றைக்கும் காரவள்ளியில் ஏறுகிற கியர் வண்டி ஒவ்வொன்றுக்குள்ளும் அந்தத் தட்டு அடுக்கு ஆயிலில் சுழன்றுகொண்டுதான் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கும். வீட்டுக்குப் போனதும் லிவரின் நுனியில் அந்த 10 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் பக்கத்து மெக்கானிக்கிடம் போங்கள். அவர் கவரைத் திறக்கும் முன் கேபிளைப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். பார்த்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

 டீ வந்துவிட்டது என்று பின்வரிசையில் சைகை காட்டுகிறார்கள்.